ஐஸ் உருகும் கணக்கோடு போடும் சாயம்: கொழும்பு வெயிலுக்குப் பழ ஐஸ் டீ

காலையில் ஊற்றி மிஞ்சிய தேத்தண்ணியை ஃபிரிட்ஜில் வைத்து, மத்தியானம் நாலு ஐஸ் கட்டி போட்டு, மேலே கொஞ்சம் பழச்சாறு விட்டால் அது ஐஸ் டீ ஆகாது. முதல் வாய் கசக்கும். ஐஸ் உருகியபின் கடைசி வாய் சப்பென்று இருக்கும். பழம் சரியில்லை என்று பழத்தின் மேல் பழி போடுவோம், சீனியை இன்னும் அள்ளிப் போடுவோம். ஆனால் வீட்டு ஐஸ் டீ பழுதாவது பெரும்பாலும் சாயத்தில்தான், அதாவது தேயிலையிலிருந்து இறக்கும் வடிநீரில்தான். சாயத்தைச் சரியாக இறக்கத் தெரிந்தால், வெள்ளவத்தைச் சந்தையில் அன்றைக்கு என்ன பழம் மலிவோ அதை வைத்தே நல்ல குடிபானம் செய்துவிடலாம்.

கொழும்பில் மார்ச்சும் ஏப்ரலும்தான் மோசம். வெயிலை விடப் புழுக்கம் ஆளைக் கொல்லும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டு வரும்வரை சீனி நிறைந்த சோடாப் போத்தல்கள் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். அந்தப் போத்தலுக்குப் பதிலாகச் செய்வதுதான் இது. அதனால் ஒரு தம்ளருக்குள் எத்தனை கிராம் சீனி போகிறது என்ற கணக்கையும் சேர்த்தே கீழே தருகிறோம்.

சாயம்

அடிப்படை அளவு இது: தண்ணீர் 500 மி.லீ., தேயிலை 16 கிராம். தராசு இல்லாவிட்டால், பி.ஓ.பி. என்ற உடைந்த இலைத் தேயிலை தட்டையாக நிரப்பிய ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 முதல் 2.5 கிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு ஏழு கரண்டி போடலாம். பெரிய இலையாக இருந்தால் கரண்டிக்குள் குறைவாகவே பிடிக்கும், ஒன்றிரண்டு கூடப் போட வேண்டும். தேயிலைப் பை என்றால் எட்டு. வழமையான பை ஒன்றில் 2 கிராம் இருக்கும்.

தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு தேயிலையில் ஊற்றி, மூடி வைத்து, நேரம் பார்க்க வேண்டும். டஸ்ட், பி.ஓ.பி.எஃப். போன்ற நுண்ணிய தூளுக்கு 3 நிமிடம் போதும். பி.ஓ.பி.க்கு 4 நிமிடம். முழு இலைக்கு 5. அதற்குமேல் ஒரு நிமிடமும் வேண்டாம். சாயம் கடுமையாக வேண்டுமென்றால் தேயிலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரம் நீள நீள மணம் கூடுவதில்லை, துவர்ப்புத்தான் இறங்கும். அந்தத் துவர்ப்பு சூட்டில் அவ்வளவாகத் தெரியாது, குளிர்ந்ததும் நாக்கைப் பிடித்து இழுக்கும். அடுப்பில் வைத்துத் தேயிலையைக் காய்ச்சுவதும் இதற்கு ஆகாது. அது பால் தேநீருக்கான வழி, அங்கே துவர்ப்பைப் பால் அடக்கிக்கொள்ளும். இங்கே அடக்க யாருமில்லை.

வடிக்கும்போது இலையை அமுக்கிப் பிழியக் கூடாது. இலை தன் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், அதனால் 500 மி.லீ. ஊற்றினால் 440 மி.லீ. அளவில்தான் கையில் வரும். அந்த 60 மி.லீ.யைப் பிழிந்தெடுக்கிற ஆசையில்தான் கசப்பும் தூளும் சேர்ந்து வருகின்றன. விட்டுவிடுங்கள்.

வடித்த கையோடு, சாயம் சூடாக இருக்கும்போதே, கொதித்து ஆறிய தண்ணீர் 250 மி.லீ. அதில் சேர்த்துவிட வேண்டும். இந்த ஒரு படியைத்தான் பலர் பிந்திச் செய்கிறார்கள். கடும் சாயம் கடும் சாயமாகவே குளிர்ந்தால் அது கலங்கிப் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். தேயிலையில் உள்ள கஃபீனும், நிறமும் துவர்ப்பும் தரும் பொருள்களும் சூட்டில் கரைந்து கிடக்கும். சூடு இறங்க இறங்க ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சாயம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு கலங்கும். கலங்கியது பழுதானதல்ல, குடிக்கலாம். சோதிக்க வேண்டுமென்றால் அரைக் கோப்பையைச் சூடாக்கிப் பாருங்கள், தெளிந்துவிடும். ஆனால் கண்ணாடித் தம்ளரில் தேன் நிறத்தில் பளபளக்க வேண்டியது சேற்றுத் தண்ணீர்போல் நின்றால் குடிக்க மனம் வராது. அதனால்தான் முதலில் தண்ணீர் கலந்து, பிறகு குளிரவைக்கிறோம்.

குளிரவைக்க, பாத்திரத்தை வாளித் தண்ணீருக்குள் இறக்கி வைத்து, தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் கால் மணி நேரத்தில் அறைச்சூட்டுக்கு வந்துவிடும். பிறகு 150 கிராம் ஐஸ். ஐஸ் முழுவதும் உருகிச் சாயம் 10 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும், ஏறத்தாழ 840 மி.லீ. தேநீர் கிடைக்கும். சூடான பாத்திரத்தை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பாலும் மீனும் சூடேறும், மின் கட்டணமும் ஏறும்.

அவசரமா? விருந்தாளிகள் வாசலில் நிற்கிறார்களா? அப்போது 440 மி.லீ. கொதிசாயத்தை நேரே ஐஸில் ஊற்றலாம். ஆனால் 85 பாகையில் இருக்கும் சாயத்தை 5 பாகைக்குக் கொண்டுவர 380 கிராம் ஐஸ் வேண்டும், அதுவும் ஒரு துண்டு மிஞ்சாமல் உருகித் தீரும். வீட்டுத் தட்டு ஐஸ் கட்டி ஒன்று 20 கிராம் என்று வைத்தால் 19 கட்டி. உங்கள் தட்டின் கட்டி எத்தனை கிராம் என்று ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டால் அதற்குப்பின் எண்ணிப் போட்டாலே போதும். மூன்று நான்கு கட்டி போட்டுவிட்டு ‘ஏன் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது’ என்று கேட்பதற்கான பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஐஸை ஓரளவு சேமித்து, தண்ணீரால் முதற் குளிர்ச்சியைக் கொடுப்பதுதான் மின்வெட்டு நாளிலும் கைகொடுக்கும் வழி.

இன்னொரு வழி, குளிர்ந்த தண்ணீரிலேயே ஊறவைப்பது. கொதித்து ஆறிய தண்ணீர் 1 லீற்றர், முழு இலைத் தேயிலை 12 கிராம், மூடிய கண்ணாடிப் போத்தல், ஃபிரிட்ஜின் உள்தட்டு, 8 முதல் 10 மணி நேரம். இரவு வைத்துக் காலையில் வடிக்கலாம். கஃபீனும் துவர்ப்பும் குறைவாகவே இறங்குவதால் கசக்காது, கலங்குவதும் அரிது. தேசிக்காய், வத்தகப்பழம், ரம்புட்டான் போன்ற மெல்லிய பழங்களுக்கு எங்கள் தெரிவு இதுதான். மாம்பழத்துக்கு இது போதாது. பழம் தேயிலையை விழுங்கிவிடும்.

சிலர் தேயிலையையும் தண்ணீரையும் போத்தலில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைக்கச் சொல்கிறார்கள். கொழும்பு வெயிலில் தாராளமாகச் சாயம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் கிருமி சாகிற சூட்டுக்குப் போவதில்லை, கிருமி வளர்கிற வெதுவெதுப்பிலேயே பல மணி நேரம் நிற்கும். செய்ய வேண்டாம்.

தேயிலையும் தண்ணீரும்

நுவரெலியா, திம்புள்ளை, ஊவா, கண்டி, சப்ரகமுவ, உறுகுணை என்று பெட்டியில் எழுதியிருப்பதை விளம்பரம் என்று கடந்துவிடக் கூடாது. 1,200 மீற்றருக்கு மேல் விளையும் தேயிலை வெளிர் நிறம், மெல்லிய மணம், நாவில் ஒரு கூர்மை. 600 மீற்றருக்குக் கீழே, சப்ரகமுவ, உறுகுணைப் பக்கம் விளைவது கறுத்த சாயமும் தடித்த சுவையும் கொண்டது. கொடித்தோடை (பாஷன் ஃபுரூட்), தேசிக்காய், தோடம்பழம் போன்ற புளிப்புப் பழங்களுக்கு உயர்நிலத் தேயிலை. மாம்பழத்துக்கும் காய்ச்சிய அன்னாசிக்கும் தாழ்நில அல்லது கண்டிப் பக்கத்து இடைநிலத் தேயிலை. மாற்றிப் போட்டால் உலகம் இடிந்துவிடாது, ஆனால் நுவரெலியாவின் அந்த மெல்லிய மணத்தை மாம்பழக் கூழில் புதைப்பது காசை வீணாக்குவது. திம்புள்ளைப் பக்கத்தின் தரமான பருவம் ஜனவரியிலிருந்து மார்ச்வரை. நல்ல தேயிலை இறங்குகிற காலமும் கொழும்பு வேகத் தொடங்குகிற காலமும் ஒட்டி வருவது நமக்கு வாய்த்த நல்லது.

ஒரு சின்ன விளக்கம்: ‘ஒரேஞ் பீக்கோ’ என்று பெட்டியில் இருந்தால் உள்ளே தோடம்பழம் எதுவும் இல்லை. அது இலையின் அளவைக் குறிக்கும் தரப்பெயர். பழ மணம் சேர்த்த தேயிலை என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே மணம் சேர்த்த தேயிலையை வாங்கினால் அதே பழத்தின் சாறோடு மட்டும் சேருங்கள். பீச் மணத் தேயிலைக்குள் அன்னாசியைப் போட்டால் இரண்டும் கெடும்.

கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் இருந்து வருவது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரைப் போல் வன்மையானதல்ல. வன்மையான தண்ணீரில் தேநீரின் மேல் படலம் கட்டும், நிறம் மங்கும். அந்தத் தொல்லை இங்கே குறைவு. இங்கே உள்ள தொல்லை குளோரின் வாசம். மூடியைத் திறந்து கொதிக்கவைத்தால் போய்விடும். குளிர் ஊறலுக்கு எடுக்கும் தண்ணீரையும், ஐஸ் தட்டில் ஊற்றும் தண்ணீரையும் கூட இப்படிக் கொதிக்கவைத்து ஆறவிட்டே எடுங்கள். குடிபானத்தில் கால்பங்கு அந்த ஐஸ்தான், அதன் வாசம்தான் கடைசியில் நாக்கில் நிற்கும். மீன் வாசம் ஏறிய ஃபிரீசரில் மூடாமல் வைத்த ஐஸைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை.

அலுமினியப் பாத்திரம், துரு ஏறிய வடி இரண்டையும் ஒதுக்குங்கள். இரும்பு பட்டால் தேயிலைச் சாயம் கறுத்து மை போலாகும். புளிப்புச் சாறு அலுமினியத்தைத் தின்னும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் நல்லவை.

சீனிப்பாகு

குளிர்ந்த தேநீரில் சீனி கரையாது, அடியில் மணல்போல் கிடக்கும். 200 கிராம் சீனியையும் 200 மி.லீ. தண்ணீரையும் சூடாக்கி, சீனி கரைந்ததும் இறக்கி ஆறவிட்டால் ஏறத்தாழ 325 மி.லீ. பாகு வரும். ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மி.லீ.யில், 9 கிராம் சீனி. ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். கறுவாப் பட்டை ஒரு விரல் நீளம், தட்டிய இஞ்சி 10 கிராம், நசுக்கிய ஏலக்காய் மூன்று, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பாகிலேயே போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து வைத்தால் தேநீரை நேரடியாகக் குழப்ப வேண்டியதில்லை. ஒன்று போதும், மூன்றையும் போட்டால் கோடைப் பானம் சளிக் கசாயமாகிவிடும்.

குளிரில் இனிப்பு மங்கித் தெரியும். அறைச்சூட்டில் ‘கொஞ்சம் கூடிவிட்டதோ’ என்று தோன்றும் இனிப்பு ஐஸ் போட்டதும் அளவாக நிற்கும். ஆகவே ருசி பார்ப்பதை எப்போதும் குளிர்ந்த பிறகு பாருங்கள்.

பழங்கள்

கொடித்தோடைதான் முதலிடம். பழ ஐஸ் டீக்கென்றே படைத்ததுபோல் ஒரு பழம். புளிப்பும் மணமும் தேயிலையை அழுத்தாமல் தூக்கிக் கொடுக்கும். பழத்தைப் பிளந்து, சதையைக் கரண்டியால் வழித்து வடியில் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துச் சாறு எடுக்க வேண்டும். பிளென்டரில் போட்டு அடித்தால் கறுத்த விதை உடையும், கசப்பும் கறுப்புப் புள்ளிகளும் வரும். போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு செக்கன் விட்டுவிட்டு மூன்று தடவை தட்டினால் போதும். மேற்சொன்ன 840 மி.லீ. தேநீருக்கு வடித்த சாறு 120 மி.லீ., பாகு 100 மி.லீ. ஐந்து தம்ளர் வரும், தம்ளருக்குச் சீனி 12 கிராம் அளவு. தோல் வழுவழுப்பாக இருக்கும் பழத்தில் புளிப்புக் கூடுதல், தோல் சுருங்கத் தொடங்கியதில் இனிப்பும் மணமும் கூடுதல். சுருக்கத்தைக் கண்டு சந்தையில் தள்ளி வைக்காதீர்கள். கையில் தூக்கினால் கனமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சாறு சேர்ந்ததும் தேநீரின் நிறம் சட்டென்று வெளிறும். பயப்பட வேண்டாம். புளிப்புப் பட்டால் தேயிலையின் நிறப்பொருள் வெளிறுவது இயல்பு, தேசிக்காய்க்கும் அப்படித்தான். சாயம் குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் சாயம் ஊற்றினால் கசக்கும்.

அன்னாசியைப் பச்சையாகப் பிழிந்து சேர்க்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பச்சைச் சாறு நுரைக்கும், நார் மேலே மிதக்கும், அதிலுள்ள புரோமெலெய்ன் என்ற நொதியம் நாக்கை அரிக்கும். கொழும்புச் சந்தைகளுக்குக் கம்பகா, குருணாகல் பக்கத்திலிருந்து நல்ல அன்னாசி வருகிறது. பழத்தின் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், இனித்து மணந்தால் எடுங்கள், புளித்த கள்ளு வாசம் வந்தால் விட்டுவிடுங்கள். தோலும் கண்ணும் நீக்கிய துண்டுகள் 250 கிராம், சீனி 60 கிராம், தண்ணீர் 150 மி.லீ., சின்னத் துண்டு கறுவா. இளந்தீயில் எட்டுப் பத்து நிமிடம். துண்டு கண்ணாடிபோல் ஆனதும் கரண்டியால் மசித்து மஸ்லின் துணியில் வடித்தால் 250 மி.லீ. அளவுக்குப் பொன் நிறச் சாறு கிடைக்கும். கொதித்ததில் நொதியம் செயலிழந்துவிடும், நாக்கும் பிழைக்கும். இந்தச் சாறு சேர்க்கும்போது சாயத்தில் கலக்கும் 250 மி.லீ. தண்ணீரை 100 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். வேறு பாகு தேவையில்லை. கடைசியில் தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி. நடுத்தண்டை எறியாமல் துண்டுகளோடு சேர்த்துக் காய்ச்சலாம், மணம் அதிலும் உண்டு.

மாம்பழம் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் ஐஸ் டீக்கு மிகச் சிக்கலான பழம் அதுதான். கூழ் கனமானது, தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கூழின் புரதத்தோடும் பெக்டினோடும் ஒட்டித் திரண்டு அடியில் இறங்கும். அரை மணி நேரத்தில் மேலே தேநீர், கீழே சேறு. இதைத் தடுக்கப் பார்ப்பதைவிட ஏற்றுக்கொண்டு அழகாக்குவது நல்லது. கூழைத் தம்ளரின் அடியில் விட்டு, ஐஸ் போட்டு, கரண்டியின் முதுகில் மெல்லத் தேநீரை ஊற்றினால் இரண்டு அடுக்காக நிற்கும், குடிப்பவர் கலக்கிக்கொள்வார். 200 கிராம் பழத்தை 100 மி.லீ. தண்ணீரோடு அடித்து வடித்து, தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, பாகு 50 மி.லீ. சேர்த்துக் கூழைத் தயாராக்குங்கள். சாயத்தில் அந்த 100 மி.லீ. தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேசிக்காய் இல்லாமல் மாம்பழத் தேநீர் மந்தமாக, இருமல் மருந்தின் இனிப்புப்போல் இருக்கும். பழத்தில் எங்கள் வாக்கு யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பானுக்கு. நார் குறைவு, மணம் கூடுதல். ஆனால் அது நிறைய வருவது மே, ஜூன் வாக்கில். ஏப்ரல் வெயிலுக்கு நார்ப் பழம்தான் கிடைக்குமென்றால் இரண்டு தடவை வடியுங்கள், நார் தொண்டையில் சிக்கும்.

வத்தகப்பழம் பெரும்பாலும் தண்ணீர், அதை மறந்து தேநீரோடு சேர்ப்பதால்தான் அது சப்பென்று போகிறது. தேநீரில் தண்ணீருக்குப் பதிலாக அதைப் பயன்படுத்த வேண்டும். 440 மி.லீ. சாயத்தோடு 100 மி.லீ. தண்ணீர் மட்டும் கலந்து குளிரவைத்து, 100 கிராம் ஐஸ் போட்டு, நன்றாகக் குளிர்ந்த வத்தகச் சாறு 400 மி.லீ. சேர்க்கவும். பாகு 50 மி.லீ., தேசிக்காய்ச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சாறு ஒருபோதும் சூட்டைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவித்த பூசணிக்காய் வாசம் வரும். இளஞ்சூடான தேநீரில் கலந்தாலும் அந்த வாசம் தலைகாட்டும். அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டியது இது.

தேசிக்காய்க்கு அளவு மட்டும் போதும்: 840 மி.லீ.க்கு 45 மி.லீ. சாறு, 110 மி.லீ. பாகு. குளிர்ந்த பிறகே சேர்க்கவும். பிழிந்த சாறு மறுநாள் கசந்து பழசாகிவிடும் என்பதால் சாடி முழுவதிலும் கலக்காமல் குடிக்கிற அளவில் கலப்பது நல்லது. மணம் கூட வேண்டுமென்றால் பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவி, சீனியோடு கசக்கி, அந்தச் சீனியில் பாகு காய்ச்சுங்கள். வெள்ளைத் தோல் சேர்ந்தால் கசப்பு. வட்டமாக வெட்டிய தேசிக்காயைச் சாடிக்குள் மிதக்கவிட்டு இரவு முழுவதும் வைப்பதும் அதே கசப்பில்தான் முடியும். பிபிலைத் தோடம்பழம் வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே பழுத்திருக்கும். அதன் சாறு 200 மி.லீ., தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, பாகு 60 மி.லீ. போதும்.

ரம்புட்டானைத் தோலுரித்து, விதையோடு ஒட்டிய சதையைச் சீவி, குளிர் ஊறல் தேநீரில் இரண்டு மணி நேரம் போட்டு வைத்தாலே மணம் இறங்கும். பிழிய வேண்டாம்.

விளாம்பழம், பப்பாசி, வாழைப்பழம் இந்த மூன்றும் தேநீரோடு ஒத்துப்போவதில்லை. விளாம்பழத்தின் வாசம் தேயிலையைத் தெரியாமல் செய்துவிடும். அதைத் தனியாகக் கருப்பட்டியோ சர்க்கரையோ போட்டுக் கரைத்துக் குடிப்பதுதான் அதற்கு மரியாதை. பப்பாசியில் புளிப்பில்லை. வாழைப்பழம் கறுக்கும்.

புதினா இலையைப் பிளென்டரில் அடிக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். அடித்தால் புல் வாசம் வரும். பலூடாவுக்குப் போடும் கசகசா இங்கேயும் நன்றாகப் போகும். ஒரு தேக்கரண்டியை 100 மி.லீ. தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வீங்கிவிடும். இங்கே கடைகளில் கசகசா என்று விற்பது திருநீற்றுப் பச்சிலையின் விதை. இந்தியச் சமையல் குறிப்புகளில் வரும் வெள்ளைக் கசகசா வேறு, அது வீங்காது.

கூட்டத்துக்குச் செய்யும்போது

பிறந்தநாள், வெசாக் தன்சல், நோன்பு துறப்பு என்று 50 பேருக்குச் செய்வதானால், தம்ளருக்கு 200 மி.லீ. வீதம் 10 லீற்றர். தேயிலை 130 கிராம், கொதிநீர் 4 லீற்றர், வடித்ததும் கலக்கக் கொதித்தாறிய தண்ணீர் 2 லீற்றர், ஐஸ் ஒன்றேகால் கிலோ, கொடித்தோடைச் சாறு 1.1 லீற்றர், பாகு 1 லீற்றர். ருசி பார்த்துக் குறையும் தண்ணீரைக் கடைசியில் சேர்க்கலாம். தம்ளருக்குள் போடும் ஐஸ் இதில் சேரவில்லை. இவ்வளவு தேயிலையைத் தளர்வான துணிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டால் 4 நிமிடத்தில் சட்டென்று தூக்கிவிடலாம். வடியில் ஊற்றி வடிப்பதற்குள் கடைசி லீற்றர் பத்து நிமிடம் ஊறிக் கசந்துவிடும், பெரிய அளவில் செய்யும்போது நடக்கும் தவறு அனேகமாக இதுதான். பொட்டலத்தை இறுக்கிக் கட்டினால் நடுவிலுள்ள தேயிலை நனையவே நனையாது.

மீன் கடைக்கு வரும் பாளம் ஐஸ் குடிப்பதற்காகச் செய்ததல்ல. அதைப் பாத்திரத்தைச் சுற்றி வெளியே அடுக்கிக் குளிரவைக்கலாம். உடைத்து உள்ளே போடக் கூடாது. உள்ளே போவது உண்ணத்தக்கது என்று பொதியில் எழுதிய ஐஸாகவே இருக்கட்டும்.

சிறு குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காமல் பழச்சாற்றை மட்டும் நீரூற்றிக் கொடுங்கள், குளிர்ந்தாலும் இது தேயிலைதான், கஃபீன் உண்டு. இரத்தச் சோகை உள்ளவர்கள் சோற்றோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது, ஏனென்றால் மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலை குறைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாகில்லாமல் தனிப் போத்தல் ஒன்று ஒதுக்கி வையுங்கள். குளிர் ஊறலில் தேசிக்காய் மட்டும் பிழிந்தால் சீனி இல்லாமலே வாய்க்கு நன்றாக இருக்கும்.

பழம் சேராத தேநீர் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும். பழச்சாறு சேர்ந்தது ஒரு நாள். ஆகவே தேநீர், பாகு, சாறு மூன்றையும் தனித்தனிப் போத்தலில் வைத்து, குடிக்கும் நேரத்தில் கலப்பதுதான் வீட்டுக்கு வசதி. கொடித்தோடைச் சாற்றை ஐஸ் தட்டில் உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், தம்ளருக்குள் இரண்டு கட்டி போட்டால் ஐஸ் உருக உருகச் சுவை கூடும். போத்தல் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, ஊற்றும்போது நூல்போல் இழுபட்டாலோ, மேலே நுரை நின்றாலோ புளித்துவிட்டது என்று பொருள், கொட்டிவிடுங்கள். மின்வெட்டு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் பழம் கலந்ததை நம்பக் கூடாது. போத்தலில் படிந்த தேயிலைக் கறைக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துக் குலுக்கினால் போதும். மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் கழற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும், பழைய சாறு தங்குவது அங்கேதான்.